வெள்ளிக்கிழமைக்குள் சிரிக்க வேண்டும்

ரகுபதி ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான், குளித்தான், மூன்று இட்லி சாப்பிட்டான். ஆறேகாலுக்கு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ் ஏறினான். அவன் உட்கார்ந்ததும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டார். மூன்று வாரமாக இப்படித்தான்.

அந்த எண்பத்து நான்காம் வருடம், பென்னலூர்த் தொழிற்சாலையில் நாற்பது பேரை ஒரே நாளில் வேலையிலிருந்து நீக்கினார்கள். நீக்கியது மேலிடம். கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது பர்சனல் கிளார்க் ரகுபதி.

திங்கட்கிழமை காலை மானேஜர் பரசுராமன் அவனைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை ஹெட் ஆபீஸ்லேர்ந்து வர்றாங்க. மிச்சம் இருக்கறவங்களோட மொரால் பாக்கணுமாம்."

"மொரால்னா என்ன சார்?"

"எனக்கும் சரியாத் தெரியல. ஆளுங்க சிரிச்ச மூஞ்சியா இருக்கணும். இல்லேன்னா நாப்பத்தோராவது கடுதாசி உனக்குத்தான்."

ரகுபதி அன்றைக்கே கேன்டீனில் ஆளுக்கொரு ஜாங்கிரி போடச் சொன்னான். யாரும் தொடவில்லை.

"சாப்பிடுங்க கோதண்டம்," என்றான் பிரஸ் மெஷின் ஓட்டுகிறவரிடம்.

"இத துன்னா இன்னும் எத்தினி பேரு போவணும் சார்?"

செவ்வாய்க்கிழமை, யோசனைகளை எழுதிப் போடச் சொல்லி ஒரு பெட்டி மாட்டினான். அடுத்துப் போகிறவர்களைக் குலுக்கிப் போட்டு எடுக்கத்தான் பெட்டி என்று பேச்சு கிளம்பிவிட்டது. மாலையில் திறந்து பார்த்தான். ஒரே ஒரு சீட்டு. கொட்டை எழுத்தில் அவன் பெயர்.

புதன்கிழமை பரசுராமன் ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொருத்தர்கிட்டயும் போய்ப் பேரைச் சொல்லிக் கை குடுக்கணுமாம். போ."

ரகுபதி மெஷின் மெஷினாகப் போனான். எண்ணெய் பிசுபிசுத்த கைகள். தகடு கிழித்த தழும்புகள். கோதண்டத்துக்கு வலது கையில் இரண்டு விரல் இல்லை. ஏழு வருடமாக அவன் பட்டியலில் எழுதிய பெயர்களுக்கெல்லாம் கை இருப்பது அன்றுதான் தெரிந்தது.

கோதண்டம் பிடித்த கையை விடவில்லை.

"நெஜமாவா சார்?"

"நிஜமாத்தான் கோதண்டம்."

அவர் திரும்பி அடுத்த மெஷின்காரரைப் பார்த்தார். அவர் அதற்கடுத்தவரைப் பார்த்தார். ஒவ்வொரு மெஷினாக நின்றது. இருந்த கொஞ்சநஞ்சமும் போயிற்று என்று ரகுபதி நினைத்தான்.

வியாழக்கிழமை பஸ்ஸில் இரண்டு பேர் எழுந்து அவனுக்கு ஜன்னலோரம் இடம் கொடுத்தார்கள்.

"குந்துங்க சார். காத்து வரும்."

ஷெட்டுக்குள் நுழைந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான். ஆள் இருந்த பிரஸ்களெல்லாம் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. தரை அதிர்ந்தது. அதிர்வு உள்ளங்காலில் புகுந்து நெஞ்சுக்கு வந்தது. ஒருவர் பாட, அடுத்தவர் தகட்டில் தட்டினார். ஆள் போன நாற்பது மெஷின்கள் துணி போர்த்திக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் நின்று இவர்கள் சிரித்தார்கள். மனிதர்களால் இது முடியுமா? வெறுங்கை ஒன்று இவ்வளவு செய்யுமா? ஒருவர் அவனுக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அவன் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்றார்.

ஒரு நாள் வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் அரை மணி நேரம் சுற்றிப் பார்த்தார்கள். இப்படிப்பட்ட முகங்களை வேறெந்தத் தொழிற்சாலையிலும் பார்த்ததில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பரசுராமன் அவன் முதுகில் தட்டினார்.

"நீ எங்கேயோ போகப்போற ரகுபதி."

வேலை தப்பியது. ரகுபதி நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினான். ஷெட் பெருக்கும் சின்னப்பொண்ணு கதவருகில் வந்து நின்றாள்.

"உங்கள கூப்பிடுறாங்க சார். மாலை வாங்கியாந்துகீறாங்க."

"எனக்கா? கை குடுத்ததுக்கா இவ்வளவு?"

"பின்ன? வேலைய வுட்டுப் போறவங்கதான சார் இங்க மெஷின் மெஷினா வந்து கை குடுப்பாங்க. சீக்கிரம் வாங்க, நீங்க போறத பாக்கணும்னு அந்த நாப்பது பேரும் கேட்டாண்ட வந்து நிக்கிறாங்க."