கரியாவின் காவலில் ஒரு பகல்

கடிக்க வரும் நாயை எப்படிச் சமாளிப்பது என்று இன்றும் பலர் என்னிடம் வந்து கேட்பதுண்டு. ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் என்ற கெத்தோடு நானும் விளக்குவேன். அதையெல்லாம் ஒரு நாயிடம் கைதியாக இருந்து கற்றுக்கொண்டேன் என்பதை மட்டும் சொல்வதில்லை. இப்போது சொல்லிவிடுகிறேன். (நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள்.)

எண்பதுகளின் தொடக்கம். பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் எனக்கு முதல் வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் சிரிக்கிறார்கள். ஒரு கோடைக் காலையில் பேரூராட்சி நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டார். மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறைக்கு மாதையன்தான் பொறுப்பு. அவர் தங்கை பிள்ளையின் காதுகுத்துக்காகப் பென்னாகரம் போயிருந்தார். சாவியை மாற்று ஆளிடம் கொடுத்தவர், தன் நாய் கரியாவை அங்கேயே விட்டுவிட்டார். மாற்று ஆள் பூட்டைத் திறந்த கையோடு அலறிக்கொண்டு ஓடியதுதான். இரண்டு நாளாக ஊருக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை.

"வெறிநாயாத்தான் இருக்கும். சாயங்காலத்துக்குள்ள புடிங்க. இல்லேன்னா வெச உருண்டை வெச்சுருவன்" என்றார் அதிகாரி.

திரும்பி வந்து நாய் எங்கே என்று மாதையன் கேட்டால் என்ன சொல்வது? நாய் பிடிக்கும் சவரிமுத்துவையும் அவருடைய சுருக்குக் கம்பியையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

காலிக் குடங்களோடு பாதி ஊர் அங்கே நின்றது. பாதி திறந்த கதவுக்குப் பக்கத்தில் கரியா நின்றது. மனிதக் கண்ணுக்கு மிருகங்கள் அஞ்சும் என்பது அப்போது என் கொள்கை. சேலத்தில் பார்த்த ஒரே ஒரு சர்க்கஸ்தான் ஆதாரம். கண் இமைக்காமல் முறைத்தபடி நேராக நடந்தேன்.

"சார், நேரா போவாதீங்க. வாலு வெறச்சு நிக்குதுங்க" என்றார் சவரிமுத்து.

"வாலாட்டுது பாருங்க. பழகிடுச்சு" என்று கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னேன்.

கரியா இடப்பக்கம் பாய்ந்தது. நான் வலப்பக்கம் பாய்ந்தேன். வலப்பக்கம் இருந்தது மோட்டார் அறை. உள்ளே விழுந்து கதவைத் தாழிட்டேன். என் வேட்டியில் கால்வாசி வெளியே கரியாவிடம் இருந்தது.

"சார், உள்ளதான் போயிட்டீங்களே, அந்தப் பச்ச பட்டன அமுக்குங்க!" என்று வெளியிலிருந்து சவரிமுத்து கத்தினார். அமுக்கினேன். மோட்டார் ஓடியது. ஊரே கை தட்டியது. குடங்கள் தெருக்குழாயைத் தேடி ஓடின. என்னை யாரும் தேடவில்லை.

பொழுது போகாமல் ஜன்னல் கம்பி வழியாக நாயைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தால் உறுமியது. முகத்தைத் திருப்பினால் நிறுத்தியது. மறுபடி பார்த்தேன், மறுபடி உறுமியது. சுவிட்ச் போட்டு அணைப்பது மாதிரி இருந்தது. அட, விஷயம் இவ்வளவுதானா என்று ஆர்வம் பிடித்துக்கொண்டது. பக்கவாட்டில் நின்று பார்த்தேன், காதைத் தளர்த்தியது. அலுப்பில் ஒரு கொட்டாவி விட்டேன், அதுவும் விட்டது! தற்செயலா என்று இன்னும் நான்கு முறை விட்டுப் பார்த்தேன். மூன்று முறை பதில் வந்தது. மோட்டாரிலிருந்து கசிந்த நீர் கதவுக்கடியில் ஓட, அதை நிதானமாக நக்கிக் குடித்தது. அதன் கண்ணில் வெறியைக் காணோம். எசமான் விட்டுப்போன இடத்தைக் காக்கும் கவலைதான் தெரிந்தது. பாவம், எனக்கு அதன்மேல் பிரியமே வந்துவிட்டது.

நான்கு மணிக்கு அதிகாரி வந்தார். கையில் ஒரு பொட்டலம்.

"வெறி இல்லீங்க சார்! தண்ணி குடிக்குது!" என்று கத்தினேன்.

"உள்ள இருந்துகிட்டு யார் வேணா சொல்லலாம். வெளிய வாங்க பாக்கலாம்" என்றபடி பொட்டலத்தைப் பிரித்தார்.

இனி வேறு வழியில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்தேன். கிழிந்த வேட்டியோடு, நண்டு மாதிரி பக்கவாட்டில், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி, அடிக்கு ஒரு கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வந்தேன். கரியா என் முழங்காலை மோந்து பார்த்தது. பிறகு அதுவும் ஒரு கொட்டாவி விட்டு உட்கார்ந்துவிட்டது.

"ஊரு நாறிக் கெடக்குது, நீங்க உள்ள தூங்கிட்டா இருந்தீங்க?" என்றார் அதிகாரி. ஆனால் பொட்டலத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். எனக்கு அது போதும்.

மறுநாள் மாதையன் வந்து தலையைச் சொறிந்தார். "அத மொறச்சுப் பாத்தா ஆவாதுங்க சார். சைடுல போனா ஒன்னும் பண்ணாது. காதுகுத்துக்கு ஆள் அனுப்பி ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்க?"

கொட்டாவி இன்ஸ்பெக்டர் என்ற பெயர் என்னோடு ஏழு ஊர்களுக்கு மாற்றலாகி வந்தது. பெண் பார்க்கப் போன வீட்டுக்கு எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த வீட்டுப் பெண்தான் இப்போது என் மனைவி. அவள் குரல் உயர்ந்தால் போதும், என் உடம்பு தானாகப் பக்கவாட்டில் திரும்பும், கண் சுவருக்குப் போகும், வாய் திறக்கும்.

"அந்தக் கொட்டாவியெல்லாம் எங்கிட்ட வேணாங்க" என்பாள். "அந்த நாயி உக்காந்துச்சு. நான் உக்கார மாட்டன்."