காக்கைச் சோற்றுக்கு வந்த விருந்தாளிகள்

உகாண்டா, சர்க்கார் காட்டு முகாம்
1912, ஆவணி மாதம்

திருநெல்வேலி டவுண் மகாராஜராஜஸ்ரீ மாமா ஆவுடைநாயகம் அவர்கள் பாதங்களுக்கு, மருமகன் ஞானசம்பந்தன் வணங்கி எழுதுவது. நெல்லையப்பர் கிருபையால் நானும் தங்கள் மகள் பிரம்மநாயகியும் சுகம். அங்கே அத்தை, மச்சான்மார், கறவைப்பசு ஈறாக எல்லோரும் சுகந்தானா?

'கொடிய மிருகங்களுக்கு நடுவே என் மகள் என்ன பாடு படுகிறாளோ, அடுத்த கப்பலிலேயே அனுப்பிவையும்' என்று எழுதியிருந்தீர்கள். அனுப்ப முடியாது மாமா. இந்தக் காட்டு மிருகங்களைப் பார்க்கத்தான் சீமைத் துரைமார் கப்பலேறி வருகிறார்கள். அவர்கள் சேற்றில் நாலு நாள் அலைந்தும் காணாததை உங்கள் மகள் அடுப்படி வாசலில் நின்றே பார்க்கிறாள். எல்லாம் காக்கைக்கு வைத்த சோற்றால் வந்தது. காக்கைக்கு வைக்காமல் அவள் ஒரு பருக்கை தொடமாட்டாள், இங்கேயோ மருந்துக்கும் காக்கை கிடையாது. "நான் கூப்பிட்டு வராமப் போயிருமா?" என்று இலையில் சோற்றை வைத்துத் தொண்டை கிழிய கா, கா என்றாள். முதல் நாள் சிவப்பு வால் வைத்த சாம்பல் கிளிகள் வந்தன. மறுநாள் பெரிய மூக்கோடு இருவாசிப் பறவை, அதற்கடுத்து வெள்ளைத் துப்பட்டி போர்த்தின மாதிரி முடி தொங்கும் கறுங்குரங்குகள். வியாழக்கிழமை, சிம்பன்சி என்று துரைமார் சொல்கிற வாலில்லாக் குரங்கே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டது. நான் கதவிடுக்கில் நின்று, "ஏட்டி, உள்ள வந்திரு" என்று கெஞ்சுகிறேன், அவளோ, "ஏன் இப்படிப் பயப்படுதிய? செத்துப்போனவுக எந்த ரூபத்துல வருவாகன்னு யாரு கண்டா? உங்க பெரியப்பா சாடை அப்படியே இருக்கு, பாருங்க" என்கிறாள். உற்றுப் பார்த்தேன், இருக்கத்தான் செய்கிறது. நேற்று யானையே வந்தது மாமா! நம் கோயில் யானையைவிடக் குட்டை, காது வட்டம். கூரைக்குள் துதிக்கையை விட்டு வாழைக்குலையை இழுத்ததில் சுவர் லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். "ஏலே, பைய தின்னு, பைய. ஒன்ன யாரு வெரட்டுதா?" என்று அகப்பையால் அதன் மூக்கில் ஒரு தட்டு. மிருகம் பார்க்க வந்திருந்த துரை ஒருவர் தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொல்லி, நாளைக்கு எத்தனை மணிக்குச் சோறு வைப்பாள் என்று என்னிடம் கேட்டார். பெருமையாகத்தான் இருந்தது. அவள் முன்னைக்கு இப்போது ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறாள், முகத்தில் சிரிப்பு மாறவில்லை. கூப்பிட்டாலும் வரமாட்டாள், கவலையை விடுங்கள்.

அத்தைக்கு என் நமஸ்காரம். சின்னவர்களுக்கு ஆசீர்வாதம்.

தங்கள் மருமகன்
ஞானசம்பந்தன்

பின்குறிப்பு: மேலே கண்டதெல்லாம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியது. இப்போது தண்ணீருக்குப் போயிருக்கிறாள். மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது, தூங்கி நாலு நாள் ஆயிற்று. தங்களுக்கு உடம்பு சரியில்லை, இரண்டு பேரும் உடனே புறப்பட்டு வரவும் என்று ஒரு தந்தி கொடுங்கள். காய்ச்சல் என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், கஷாயத்துக்குப் பக்குவம் எழுதி அனுப்பிவிட்டு இங்கேயே இருந்துவிடுவாள். தயவுசெய்து உயிருக்கே மோசம் என்று போடுங்கள்.