விஜயதசமியன்று காணாமல் போன டிஸ்க்

ஸ்ரீபெரும்புதூர்,
ஞாயிற்றுக்கிழமை, மாலை.

அன்பு மச்சான் ஹேமந்துக்கு,

உன் மாமா சீனிவாசன் ஆசீர்வாதத்துடன் எழுதும் கடிதம். இங்கே நான், உன் அக்கா ஜெயம், மாடி ரூமில் குடியிருக்கும் கம்பெனிப் பையன்கள் எல்லோரும் சுகம். அங்கே ஓசூரில் நீயும், தங்கச்சியும், பிள்ளைகளும், புதிதாக வந்திருக்கும் நாய்க்குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று தினமும் விளக்கேற்றும்போது உன் அக்கா வேண்டிக்கொள்கிறாள். பக்கத்தில் நின்று நானும் கும்பிடுவதால் அந்தப் புண்ணியத்தில் எனக்கும் பங்கு உண்டு. கையில் ஃபோனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் கடுதாசி எழுதுகிறார் என்று நினைப்பாய். ஃபோனில் சொன்னால் நீ சிரிப்பாய், சிரித்து முடிக்கும்வரை நான் காதில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். காகிதத்தைப் பார்த்து நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. இன்னொன்று, நம் வீட்டில் ஃபோன் பேசினால் சமையலறைவரை கேட்கும். இதில் உன் அக்கா காதில் விழக்கூடாத சங்கதி ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். டிஸ்க் கிடைத்துவிட்டது. மயில், மாங்காய், அன்னம், யானை எல்லாம் ஒன்றுகூடக் குறையாமல் உள்ளே பத்திரமாக இருக்கின்றன. நேற்று மத்தியானம்தான் எனக்கு மூச்சு வந்தது. அதுவரை நான் சாப்பிட்ட சோறு உள்ளே போனதா வெளியே போனதா என்று எனக்கே தெரியாது.

உனக்குத் தெரியாததில்லை, இருந்தாலும் சொல்கிறேன். உன் அக்கா கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் போட்ட நாளிலிருந்து வரைந்த டிசைன் எல்லாம் நீ சேர்த்துக்கட்டிக் கொடுத்த அந்தக் கம்ப்யூட்டரின் பெரிய டிஸ்க்கில்தான் இருக்கின்றன. கடையில் விற்கிற டிசைன் ஒன்றையும் அவள் தொடுவதில்லை. எல்லாம் சொந்தமாக உட்கார்ந்து இழுத்த கோடு. இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிற பெண்கள் கல்யாணம் நிச்சயமானதும் நேராக நம் வீட்டுக்குத்தான் வருகிறார்கள். இப்போது வேல்விழி என்று ஒரு பெண், சங்கரன்கோவில் பக்கம், ஐப்பசியில் கல்யாணம். அவளுக்கான ப்ளவுஸ் டிசைனும் அந்த டிஸ்க்கில்தான். ஒரு பெண்ணின் முகூர்த்த ப்ளவுஸும், உன் அக்கா கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த இத்தனை வருஷத்து வேலையும் என் ஒருவனால் போய்விட்டது என்றால் நான் எந்த முகத்தோடு இந்த வீட்டில் காபி கேட்பேன்?

என் ஒருவனால் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நடந்தது இதுதான். எங்கள் ஒரகடம் பிளான்ட்டில் ஆயுத பூஜை என்றால் சாதாரணமில்லை. மெஷின் ஒவ்வொன்றையும் குளிப்பாட்டி, வயரை எல்லாம் ஒழுங்காகக் கட்டி, பட்டை போட்டுப் பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். நான் குவாலிட்டி ஆள். எங்கே ஒரு கேபிள் தொங்கினாலும் எனக்குக் கை அரிக்கும். கம்பெனியில் பூஜை முடிந்து வீட்டுக்கு வந்த கையோடு, இங்கேயும் அதே தரத்தில் செய்துவிடலாம் என்று ஜெயத்தின் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தேன். அவள் வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிள் பம்பால் தூசி ஊதினேன், வயர்களை டேக் போட்டு இழுத்துக் கட்டினேன், டிஸ்க்கைக் கழற்றி ஈரத்துணி படாமல் துடைத்தேன். அதுவரை என்மேல் ஒரு தப்பும் கிடையாது. பிறகு பொட்டு வைக்க வேண்டும் அல்லவா? உழைக்கிற பொருளுக்குப் பொட்டு வைக்காமல் விட்டால் மனசு கேட்குமா? மானிட்டருக்கு நெற்றி தெரிகிறது, கீபோர்டுக்கு நெற்றி தெரிகிறது. டிஸ்க்குக்கு எது நெற்றி? நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கத்தில் மட்டும் வாய் மாதிரி, பல் மாதிரி ஏதோ இருந்தது. வாய் இருக்கிற பக்கம்தானே முகம் என்று, பன்னீரில் குழைத்த மைசூர் சந்தனத்தை அங்கே தாராளமாக வைத்து, மேலே குங்குமமும் இட்டு, அதன் மேலேயே கேபிளைச் சொருகி மூடிவிட்டேன். உள்ளே பலகையோடு ஒட்டினாற்போல், கம்ப்யூட்டரை எழுப்புகிற சின்ன டிஸ்க் ஒன்று தனியாக இருக்கிறதாமே, அது என் கண்ணில் படவில்லை. அதனால் பிழைத்தது.

பூஜையன்று மெஷினைத் தொடக்கூடாது என்பதால் அன்றைக்குக் கம்ப்யூட்டரைப் போடவில்லை. மறுநாள் விஜயதசமி. நல்ல நேரம் பார்த்து ஜெயம் சுவிட்சைப் போட்டாள். கம்ப்யூட்டர் எழுந்தது, திரையில் பூ வந்தது, எல்லாம் வந்தது, டிசைன் இருக்கும் டிஸ்க் மட்டும் வரவில்லை. அணைத்துப் போட்டோம். வரவில்லை. கற்பூரம் காட்டிவிட்டுப் போட்டேன். அப்போதும் வரவில்லை. உன் அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பரவால்ல, வுடுங்க. டீ வைக்கட்டுமா?” என்றாள். மச்சான், கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தால்கூட அரை மணி நேரம் பேசுகிறவள் அவள். அவள் பரவாயில்லை என்று சொன்னதும்தான் நிலைமை எவ்வளவு மோசம் என்று எனக்குப் புரிந்தது. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அப்புறம்தான் உனக்கு ஃபோன் போட்டேன். நீ, “மாமா, பயாஸுக்குள்ள போய்ப் பாருங்க, அதுல டிஸ்க் பேர் வருதான்னு” என்றாய். பெட்டிக்குள் இருக்கும் பாகங்களின் பட்டியல் வருகிற பக்கமாம் அது, கம்ப்யூட்டர் முழுசாகக் கண் விழிப்பதற்குள் ஒரு பொத்தானை அழுத்தி உள்ளே போக வேண்டும் என்றாய். நான் அழுத்துவதற்குள் அது விழித்துவிடும், அது விழிப்பதற்குள் நான் அழுத்தினால் ஒன்றும் நடக்காது. பல தடவை அணைத்துப் போட்டு, ஒருவழியாக அந்தப் பக்கம் வந்தபோது அதில் டிஸ்க் பேர் இல்லை. பதட்டத்தில் எதையோ அழுத்தி, கம்ப்யூட்டருக்குத் தேதி எந்தக் காலத்துக்கோ போய்விட்டது. மாடியிலிருந்து இசக்கிதுரை இறங்கி வந்தான். டிரக் கம்பெனியில் வேலை பார்க்கிற திருநெல்வேலிப் பையன், நல்ல பையன். “என்ன சார், இப்படித் தரையில ஒக்காந்துருக்கிய? ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தியளா?” என்றான். காலையிலிருந்து அதைத்தான் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்றேன். “எங்க லைன்ல ரோபோ நின்னுட்டா அதான் சார் பண்ணுவாவ” என்று சொல்லி, அவனும் ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிவிட்டு, ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று போய்விட்டான்.

வெள்ளிக்கிழமை கம்பெனி பஸ்ஸில் போகும்போது எங்கள் முறைப்படியே யோசித்துப் பார்த்தேன். பார்ட் ரிஜெக்ட் ஆனால் ஏன், ஏன் என்று அடிவரைக்கும் கேட்டுக்கொண்டே போவது எங்கள் வழக்கம். டிஸ்க் ஏன் தெரியவில்லை? கம்ப்யூட்டரோடு பேச்சுவார்த்தை இல்லை. ஏன் இல்லை? கேபிள் சரியில்லை. ஏன் சரியில்லை? மச்சான் வாங்கியது. ஏன் மச்சான் வாங்கினான்? நான் வாங்கித் தரவில்லை. அங்கே கேள்வியை நிறுத்திக்கொண்டு, சாயந்திரம் புதுக் கேபிள் வாங்கிவந்து மாட்டினேன். மூக்குக்கண்ணாடி போட்டால் பெட்டிக்குள் தலை போகவில்லை, கழற்றினால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. கைத்தடவலில்தான் சொருகினேன். கொஞ்சம் இறுக்கமாகத்தான் போனது. புதுக் கேபிள் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். பலன் ஒன்றுமில்லை.

அன்றைக்கு வேல்விழி வந்தாள். “அக்கா, ப்ளவுஸ் நேரத்துக்குக் கெடச்சிருமாக்கா? லீவு சொல்லிட்டேன், டிக்கெட்டும் எடுத்தாச்சு” என்றாள். ஜெயம் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. “எல்லாம் ஆய்டும், நீ போய் நல்லா தூங்கு” என்று அனுப்பிவிட்டாள். அவள் தைரியம் எனக்கு வரவில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, “உள்ளே என்னென்ன இருந்தது ஜெயம்?” என்று கேட்டேன். நஷ்டம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். அவள் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். எந்த மயில் யார் கல்யாணத்துக்கு வரைந்தது, எந்தப் பெண் அம்மா புடவையின் கரையைக் கொண்டுவந்து இதேபோல வேண்டும் என்றாள், எந்தக் கொடியை முதலில் தப்பாகப் போட்டுப் பிரித்தாள் என்று சாப்பாட்டு நேரம் தாண்டியும் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு அதுவரை மயில் என்றால் மயில்தான். அத்தனை மயிலும் வேறு வேறு என்று எனக்குத் தெரியாது. கேட்கக் கேட்க நன்றாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

சனிக்கிழமை டிஸ்க்கைக் கழற்றி, கைத்துண்டில் சுற்றி, சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் கம்ப்யூட்டர் கடைக்குப் புறப்பட்டேன். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் ஒரு பூக்கார அம்மா. என் பையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, மறுபடி பையைப் பார்த்தது. “இன்னா சார், கோயிலுக்குப் போய்க்கினு வர்றியா? சந்தனம் வாசனை கம்முனு அடிக்குதே” என்றது. இல்லையே என்றேன். “பைக்குள்ளேர்ந்துதான் வருது” என்றது. எனக்குப் பொறி தட்டியது. ஓடுகிற ஆட்டோவிலேயே துண்டைப் பிரித்து, வெளிச்சத்தில் டிஸ்க்கின் வாயைப் பார்த்தேன். பல்லெல்லாம் சந்தனம் காய்ந்து இறுகி, நடுவில் குங்குமம். ஆடு திருடினவன் மாதிரி முழித்தேன். “இது இன்னா சாமி, பெட்டி மாரி கீது?” என்று கேட்டு, பதில் வருவதற்குள் அந்த அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டது. நானும் போட்டுக்கொண்டேன், வேறு என்ன செய்வது? அங்கேயே ஆட்டோவை நிறுத்தி இறங்கி, மெடிக்கலில் ஸ்பிரிட் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடையும் ஓட்டமுமாக வந்தேன்.

பழைய டூத்பிரஷ்ஷால் குழந்தைக்குப் பல் தேய்க்கிற மாதிரி தேய்த்துக் காயவைத்துச் சொருகினேன். சுவிட்சைப் போட்டேன். டிஸ்க் வந்துவிட்டது, மச்சான். திரையில் அந்த மயில்கள் வரிசையாக வந்து நின்றதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் சொல்லவில்லை. சத்தம் போட்டு ஜெயத்தைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்து, “இன்னாங்க ஆச்சு அதுக்கு?” என்றாள்.

இப்போது அந்தச் சங்கதிக்கு வருகிறேன். அந்த நேரத்தில் என் நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. “உன் தம்பி வாங்கிப் போட்ட கேபிள்தான் லூஸ்” என்று சொல்லிவிட்டேன். அவள் உன்னை, “அவன் எப்பவும் அரைகுறைதான்” என்று கொஞ்சம் திட்டினாள். அதிகமில்லை. ஆகையால் உன்னிடம் கேட்பதெல்லாம் இதுதான். அக்கா ஃபோன் செய்து கேட்டால், ஆமாம் அக்கா, கேபிள்தான், தெரியாமல் வாங்கிவிட்டேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிடு. நீ தம்பி, உன்னை மன்னித்துவிடுவாள். தீபாவளிக்கு நீ வரும்போது உனக்குப் பிடித்த செம்பரம்பாக்கம் ஏரி மீனை நானே போய் வாங்கிவந்து குழம்பு வைக்கச் சொல்கிறேன்.

நீயும் உன் குடும்பமும் நோய்நொடியின்றி, கரண்டு கட்டாகாமல், கேபிள் கழலாமல் நீண்ட காலம் வாழ வேண்டுமென்று வாழ்த்தும்,

உன் அன்பு மாமா,
சீனிவாசன்.

பி.கு.: மேலே கேட்டதை நீ செய்ய வேண்டாம். மழைத்தூறல் விழுந்தது என்று மொட்டை மாடித் துணியை எடுக்கப் போய்த் திரும்பி வருவதற்குள், ஜெயம் என் நாற்காலியில் உட்கார்ந்து என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டாள். நவராத்திரி ஆரம்பித்த அன்றைக்கே எல்லா டிசைனையும் உன் கம்ப்யூட்டருக்கு அனுப்பி வைத்துவிட்டாளாம். வருஷா வருஷம் அனுப்புகிறாளாம். “ஆயுத பூஜைக்கு நீங்க தொடைக்கிற வூட்ல வேற இன்னா பண்றது?” என்கிறாள். வேல்விழியின் ப்ளவுஸ் பூஜைக்கு முன்பே முடிந்து பீரோவில் இருக்கிறது. இதெல்லாம் தெரிந்துகொண்டேதான் நீ என்னைப் பயாஸுக்குள் அனுப்பினாய் என்பதையும் சொல்லிவிட்டாள். மீன் கிடையாது. பின்னே ஏன் இத்தனை நாளாக வாயைத் திறக்கவில்லை என்று கேட்டேன். “நீங்க வந்து உக்காந்து, உள்ள இன்னா இன்னா இருந்துச்சுன்னு கேட்டீங்க இல்ல, இத்தினி வருஷத்துல அதான் மொத தபா. டிசைன்லாம் பத்திரமா கீதுன்னு சொல்லிட்டா ஏந்து டிவி பாக்கப் போய்டுவீங்க. அதான் சொல்லல” என்றாள். கடிதத்தைக் கிழிக்கப் போனேன். “அனுப்புங்க, அவனும் படிக்கட்டும்” என்றாள். அதனால் அனுப்புகிறேன். இப்போது கம்ப்யூட்டர் முன்னால் இன்னொரு நாற்காலியைப் போட்டுவிட்டு என்னைக் கூப்பிடுகிறாள். இன்னும் நான் பார்க்காத டிசைன் நிறைய இருக்கிறதாம். டிவியை நானே அணைத்துவிட்டேன்.