பூவிழிக்கு நண்பர்கள் ஒதுக்கப்பட்ட கதை

ஒரு காட்டில் பள்ளிக்கூடம் ஒன்று இருந்தது. கதையைச் சிங்கத்தில் தொடங்குவதுதான் முறை. அந்தக் காட்டிலும் சிங்கம் இருந்தது. ஆனால் பள்ளிக்கூடம் வந்த பிறகு சிங்கமே தன் பேத்திக்கு இடம் கேட்டுத் தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கும்படி ஆகிவிட்டதால், இந்தக் கதைக்கு அது தேவைப்படவில்லை.

தலைமையாசிரியர் ஒரு மயில். பெயர் தோகைநாதன். ரொம்ப நல்லவர். யாராவது வந்து கஷ்டத்தைச் சொன்னால் மனம் உருகி உடனே தோகையை விரித்துவிடுவார். வந்தவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்று, எதற்கு வந்தோம் என்பதை மறந்து வீடு திரும்புவார். இதனால் அந்தப் பள்ளியில் புகார் என்பதே கிடையாது.

அங்கே மூன்றாம் வகுப்பில் பூவிழி என்றொரு தேவாங்குக் குட்டி படித்தாள். ஒரு கையை எடுத்து வைப்பாள், யோசிப்பாள், சரி என்று பட்டால் மறு கையை எடுத்து வைப்பாள். வண்டுகள் என்றால் உயிர். எந்த வண்டு எந்த இலையைத் தின்னும், தின்ற பிறகு எங்கே போகும் என்று எல்லாம் தெரியும். ஆனால் சொல்வதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்வாள். ஒருநாள் வகுப்பாசிரியை மைனா, "என்னடி, தேவாங்கு மாதிரி முழிக்கிற?" என்று அதட்டினார்.

"நான் தேவாங்குதான் டீச்சர்" என்றாள் பூவிழி.

அவளுக்கு அது பதில். மைனாவுக்கு அது எதிர்ப்பேச்சு. அன்று முழுக்க அவள் நின்றுகொண்டே பாடம் கேட்டாள்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது மணி. எப்போதோ மனிதர்கள் விட்டுவிட்டுப் போன தண்டவாளத் துண்டு ஒன்றை இலுப்பை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். பாடவேளை முடிந்ததும் மரங்கொத்தி பறந்து வந்து அதன்மேல் தன் அலகால் ஒரு போடு போடும். இலுப்பை மரம் மூன்றாம் வகுப்பு ஜன்னலை ஒட்டி இருந்தது. ஜன்னலை ஒட்டி முதல் பெஞ்சு. முதல் பெஞ்சில் பூவிழி. 'ணங்' என்ற அந்தச் சத்தம் அவள் காது வழியாகப் போய் உடம்பெல்லாம் நடுங்கவைக்கும். காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் சுருண்டுவிடுவாள். நடுக்கம் தணிந்து அவள் மெல்ல மேலே ஏறி உட்காருவதற்கும் அடுத்த மணி அடிப்பதற்கும் சரியாக இருக்கும்.

அவள் அம்மா சொர்ணம் தலைமையாசிரியரைப் பார்க்க வந்தாள். "சார், என் பொண்ணுக்கு மணிச் சத்தம் தாங்க முடியலை. அந்தத் தண்டவாளத்தை மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற புளியமரத்துல கட்டினாப் போதும். இல்லைன்னா அவளைக் கடைசி பெஞ்சுல உட்கார வைங்க."

தோகைநாதனின் கண்கள் கலங்கின. "இங்க பாருங்கம்மா, இந்த மாதிரிக் குழந்தைகளுக்காகத்தான் நான் உசுரையே வெச்சிருக்கேன்" என்று தோகையை விரித்தார். நல்ல தோகை. அறை முழுவதும் நீலமும் பச்சையுமாக மினுங்கியது.

"மணியை மட்டும் கொஞ்சம்..." என்றாள் சொர்ணம்.

"மணியாம் மணி! சின்னதா யோசிக்காதீங்கம்மா. இந்தப் பள்ளிக்கூடத்தையே அன்பால நிரப்பிக் காட்டறேன்."

கடைசி பெஞ்சும் கிடைக்கவில்லை. உயர வரிசைப்படி உட்காரவேண்டும் என்பது விதி. ஒருவருக்கு மாற்றினால் எல்லோரும் கேட்பார்கள். எல்லோருக்கும் வசதி கிடைத்துவிட்டால் பள்ளிக்கூடம் என்ன ஆவது?

மறுநாளே தோழமைக் குழு அமைந்தது. மயில் தலைவர், மைனா செயலாளர், மற்றபடி காட்டில் யாருக்கெல்லாம் நேரம் இருந்ததோ அவர்கள் உறுப்பினர்கள். சொர்ணத்தைச் சேர்க்கவில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இருந்தால் மனம் திறந்து பேச முடியாது அல்லவா? குழு கூடிக் கூடிப் பேசி, பூவிழிக்கு வேண்டியது நண்பர்கள் என்று கண்டுபிடித்தது. 'நட்பு ஒதுக்கீட்டுத் திட்டம்' பிறந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு 'நான் உன் தோழன்' என்று எழுதிய பேட்ஜ் குத்தி, முறைவைத்துப் பூவிழி பக்கத்தில் உட்காரவைத்தார்கள்.

முதலில் வந்தது அணில். வந்ததும் வராததுமாகப் படபடவென்று ஒப்பித்தது. "ஹாய் பூவிழி, நான் உன் தோழி, நீயும் எங்களில் ஒருத்திதான், உனக்கு ஏதாவது உதவி வேணுமா?"

பூவிழி யோசிக்கத் தொடங்கினாள். அதற்குள் அணில், "வேண்டாமா? சரி" என்று வேர்க்கடலையை உரிக்க ஆரம்பித்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே எட்டிப் பார்த்து, "நான் எதுவரைக்கும் உன் தோழி?" என்று கேட்டது.

"மணி அடிக்கிற வரைக்கும்" என்றாள் பூவிழி.

மணி அடித்தது. பூவிழி பெஞ்சுக்கு அடியில் போனாள். அணில் தன் பேட்ஜை முயலிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு விளையாடப் போயிற்று.

இதற்கிடையே பள்ளிக்குப் பின்னால், யாரும் எட்டிப் பார்க்காத ஒரு கறையான் புற்றின் ஓரத்தில், குழுவுக்குத் தெரியாமல் ஒரு காரியம் நடந்துகொண்டிருந்தது. சாப்பாட்டு வேளையில் பூவிழி அங்கே போய் உட்காருவாள். அங்கே ஏற்கெனவே செதிலப்பன் இருப்பான். எறும்புத்தின்னி வீட்டுப் பிள்ளை. யாராவது முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டால் பந்தாகச் சுருண்டுகொள்வான். ஆசிரியர்கள் அவனை ஏதோ பேப்பர் வெயிட் என்று நினைத்துக் கடந்து போவார்கள். பூவிழி அவனை ஒன்றும் கேட்கவில்லை. அவன் முதுகுச் செதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். நாள் போகப் போக அவன் பாதி விரிந்தான். பிறகு முழுசாகவே விரிந்தான்.

மூன்றாவதாக வந்தவன் துடியன் என்ற கீரிப்பிள்ளை. அவனால் ஓரிடத்தில் உட்கார முடியாது. அதனால் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பிவிடுவார்கள், வெளியே ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று அடிப்பார்கள். புற்றைச் சுற்றி ஓடினால் யாரும் அடிப்பதில்லை என்று தெரிந்து அங்கே வந்து ஓடிக்கொண்டிருந்தான். சுற்றிச் சுற்றி ஓடுகிறவனுக்கு நாலாபக்கமும் தெரியும். மரங்கொத்தி இலுப்பையை நோக்கிக் கிளம்புவதும் தெரியும்.

"வருது!" என்று கத்துவான் துடியன்.

பூவிழி உடனே காதைப் பொத்திக்கொள்வாள். செதிலப்பன் அவளைச் சுற்றி வளைந்துகொள்வான். 'ணங்' என்ற சத்தம் செதிலில் மோதித் தேய்ந்து உள்ளே வரும். வரப்போகிறது என்று முன்பே தெரிந்துவிட்டதால் அது பாதிச் சத்தம்தான். கொஞ்ச நாளில் துடியன் வகுப்பறை வாசலிலும் இதைச் செய்யத் தொடங்கினான். எப்படியும் வாசலில்தானே அவனை நிற்க வைத்திருந்தார்கள். பூவிழி பெஞ்சுக்கு அடியில் போவதை நிறுத்தினாள். கணக்குப் பாடத்தில் கையைத் தூக்கக்கூடச் செய்தாள்.

மைனா இதைப் பார்த்துவிட்டுக் குழுவுக்குத் தகவல் கொடுத்தார். குழு அதிர்ந்தது.

"ஒதுக்கீடு செய்யாத நட்பு" என்றார் மைனா. "அதுவும் பேட்ஜே இல்லாம."

"அதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு" என்றார் தோகைநாதன். "இந்த மாதிரிப் பிள்ளைங்க மூணும் ஒண்ணா ஒதுங்கிட்டா, நாம எப்படி அதுங்களை மத்தவங்களோட சேர்க்கிறது? எல்லாரையும் சேர்க்கணும்னா முதல்ல இதுங்களைப் பிரிக்கணும்."

பிரித்தார்கள். செதிலப்பனை மேட்டில் இருந்த வேறு வகுப்புக்கு மாற்றினார்கள். துடியனை மைனாவின் மேசைக்கு அருகில் அசையாமல் உட்காரவைத்தார்கள். கறையான் புற்றைச் சுற்றி முள் போட்டார்கள். பூவிழிக்குக் கூடுதலாக இரண்டு நண்பர்களை ஒதுக்கினார்கள்.

அதற்குப் பிறகு பூவிழி காலையில் மரத்தைவிட்டு இறங்கவே மறுத்தாள். சாப்பிட வண்டு பிடித்துக் கொடுத்தால் அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இப்படியே வராமல் போனால் பெயரை நீக்க வேண்டியிருக்கும் என்று மைனா அன்போடு சொல்லியனுப்பினார். மகளைத் தோளில் போட்டுக்கொண்டு பள்ளிக்கு வந்தாள் சொர்ணம். அன்றைக்குத்தான் தோழமைப் பெருவிழா என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

பந்தல், தோரணம், தவில் எல்லாம் தயார். கல்வி அதிகாரி காட்டெருமை சிறப்பு விருந்தினர். மேடையின் நடுவில், எல்லோரும் பார்க்கும்படியாக, ஒரு முக்காலியில் பூவிழியை ஏற்றி உட்காரவைத்தார்கள். அவளைச் சுற்றிப் பேட்ஜ் குத்திய நண்பர்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

தோகைநாதன் எழுந்தார். "இந்தக் குழந்தையின் மௌனத்தை நாம் மதிக்கிறோம். அந்த மௌனத்துக்கு மரியாதை செலுத்தும் விதமாக, இப்போது நம் பள்ளி மணி இடைவிடாமல் முழங்கும்!"

தோகை விரிந்தது. தவில்காரர்கள் குச்சியைத் தூக்கினார்கள். மரங்கொத்தி சிறகை அடித்து எழும்பியது. பூவிழி மேடையில் உறைந்துபோய் முக்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"வருது! பூவிழி, வருது!"

கூட்டத்தின் நடுவிலிருந்து துடியன் பாய்ந்தான். மைனாவின் தலைக்கு மேலாகத் தாவி, மேடையில் ஏறி, காட்டெருமையின் நான்கு கால்களுக்கும் இடையில் புகுந்து ஓடினான். கூச்சம் தாங்காத காட்டெருமை பின்னால் இரண்டு எட்டு வைத்தது. வைத்த இடம் தோகை. தலைமையாசிரியர் அலறிக்கொண்டு முன்னால் ஓடினார். தோகை அவரோடு போகவில்லை. மேட்டு வகுப்பில் உட்கார்ந்திருந்த செதிலப்பன் சுருண்டுகொண்டு சரிவில் உருண்டு வந்தான். வந்த வேகத்தில் 'அனைவரும் ஒன்றே' என்ற பேனர் கட்டிய கம்பத்தை இடித்துச் சாய்த்துவிட்டுப் பூவிழியின் காலடியில் நின்றான். முதல் 'ணங்' விழுந்தபோது அவள் அவனுக்குள் இருந்தாள். கீழே விழுந்த பேனருக்கு அடியில் மூன்று பேரும் நழுவிப் போய்விட்டார்கள்.

இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் பலமாகக் கைதட்டியது.

பிள்ளைகளைத் தேடிக்கொண்டு சொர்ணம் பள்ளிக்குப் பின்னால் போனாள். ஓடைக்கரைப் பாறை நிழலில் மூவரும் இருந்தார்கள். துடியன் மட்டும் பாறையைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தான். அவளுக்கு முன்பே அங்கே இரண்டு பேர் மூச்சு வாங்க நின்றார்கள். ஒன்று துடியனின் அம்மா சிட்டம்மாள். மற்றது செதிலப்பனின் அப்பா மண்ணாங்கட்டி.

"நீங்கதான் பூவிழி அம்மாவா?" என்றாள் சிட்டம்மாள். "இவன் வீட்ல ஓயாமச் சொல்லுவான், 'நான் சொல்லலைன்னா அவ பயந்துடுவாம்மா'ன்னு. அந்த ஒண்ணுக்காகத்தான் பள்ளிக்கூடமே கிளம்பி வந்துகிட்டிருந்தான்."

"என் பையன் வீட்லகூட விரிய மாட்டான்" என்றார் மண்ணாங்கட்டி.

சொர்ணம் பாறையில் உட்கார்ந்துவிட்டாள். "இப்படி ஒரு பிள்ளை எனக்கு மட்டும்தான்னு நினைச்சுகிட்டிருந்தேன்" என்றாள்.

"எங்ககிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. உங்க பிள்ளை ஒண்ணுதான் இப்படின்னு" என்றாள் சிட்டம்மாள். "ஆமா, நீங்க அப்படி என்னதான் கேட்டீங்க? இவ்வளவு பெரிய பந்தல் போட்டிருக்காங்க?"

"மணியை அந்தப் பக்கத்துப் புளியமரத்துல கட்டச் சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

விழாக் கூட்டம் கலைந்து, பொழுது சாய்ந்த வேளையில் பெற்றோர் மூவரும் இலுப்பை மரத்தடிக்குப் போனார்கள். சொர்ணம் மெதுவாகத்தான் ஏறினாள். ஆனால் பிடித்ததை விடவில்லை. உடும்புப் பிடி என்று சொல்கிறவர்கள் தேவாங்குப் பிடியைப் பார்த்ததில்லை. அவள் தண்டவாளத்தைத் தாங்கிக்கொள்ள, சிட்டம்மாள் கயிற்றைக் கடித்து அறுக்க, மண்ணாங்கட்டி அதை முதுகில் சுமந்து மைதானத்தைக் கடந்தார். புளியமரத்தில் கட்டினார்கள். காட்டில் யாரும் செத்துப்போகவில்லை.

மறுநாள் மூவரும் சேர்ந்து தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள். "பிள்ளைங்க மூணு பேரும் ஒரே வகுப்புல இருக்கட்டும் சார். துடியன் நின்னுகிட்டே படிக்கட்டும்."

தோகைநாதனுக்கு மனம் உருகியது. பழக்கத்தில் பின்பக்கத்தைச் சிலிர்த்தார். மிச்சமிருந்த இரண்டு இறகுகள் ஆடின. மூன்று பெற்றோரும் காத்திருந்தார்கள். காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லாததால் அவர், "சரி" என்றார். அவர் பதவிக்காலத்தில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மணிச் சத்தம் இப்போது தூரத்தில் கேட்டது. பூவிழி பெஞ்சில் இருந்தாள். "ஏன்னு தெரியலை, இப்பல்லாம் எனக்குத் தலைவலியே வர்றதில்லை" என்றது அணில்.

மழைக்காலம் வந்தது, தோகையும் வளர்ந்தது. அந்தப் பள்ளிக்கு 'அரவணைக்கும் பள்ளி' என்று விருதும் வந்தது. பேட்ஜ், பேனர், பெருவிழா ஆகியவற்றால் மூன்று குழந்தைகளின் வாழ்வு மலர்ந்தது என்று விருதுரையில் வாசித்தார்கள். புளியமரத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மூன்று பெற்றோரையும் மரங்கொத்தியையும் தவிர யாருக்கும் தெரியாது; அவர்களை யாரும் கேட்கவில்லை.

இந்த அற்புதத்தைப் பார்க்கப் பக்கத்துக் காட்டிலிருந்து ஒரு கொக்குத் தலைமையாசிரியை வந்தார். தோகைநாதன் அவரை மூன்றாம் வகுப்புக்கு அழைத்துப் போனார். பூவிழியின் பெஞ்சுக்கு அருகிலேயே நின்றுகொண்டு கொக்கு கேட்டார்: "சார், இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு முக்கியமா என்ன தேவைப்படுது?"

பூவிழி யோசித்தாள். வாயைத் திறந்தாள்.

"அன்பு மேடம், அன்பு" என்றார் தோகைநாதன். "வாங்க, பேனரைக் காட்டறேன்." இருவரும் போய்விட்டார்கள்.

செதிலப்பன் திரும்பி அவளைப் பார்த்தான். துடியன் பெஞ்சைச் சுற்றுவதை நிறுத்தாமலே காதைக் கொடுத்தான். இருவரும் காத்திருந்தார்கள்.

"இந்த ஜன்னல்ல வெயில் வந்து கண்ணைக் குத்துது" என்றாள் பூவிழி. "ஒரு தட்டி கட்டினா நல்லா இருக்கும்."

"எங்கம்மாகிட்ட சொல்றேன்" என்று துடியன் வாசலைத் தாண்டி ஓடினான். பள்ளி விடுவதற்குள் சிட்டம்மாள் தட்டியோடு வந்து சேர்ந்தாள்.

நீதி: ஒருவருக்கு உதவி செய்ய ஆசைப்பட்டால், என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டுத் தொலைத்துவிடாதீர்கள். சொல்லிவிடுவார். வேலை அன்றைக்கே முடிந்துபோகும்; பிறகு பந்தல்காரர், தவில்காரர், பேட்ஜ் செய்கிறவர், தலைவர், செயலாளர் எல்லோரும் எப்படித்தான் பிழைப்பது?