ரைட்டர் ஆஜர் எடுத்த ஆல்பம்

உலகத்திலேயே ஹவுஸ் இசை ஆல்பங்களுக்கு ஆஜர் எடுத்த ஒரே மனிதர் எங்கள் எஸ்டேட் ரைட்டர்தான். சும்மா சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

எஸ்டேட் ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் யார் வந்தார்கள், யார் வரவில்லை, யார் சாப்பாட்டு வேளையோடு வயிற்றுவலி என்று கிளம்பிப்போனார்கள் என்று செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் குறிப்பவர். முழு நாள், அரை நாள், ஆப்சென்ட். இந்த மூன்று சொற்களுக்குள் உலகம் முழுவதையும் அடக்கிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. அவருக்கென்று ஒரு பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்கள் ஊரான நாகலூரில் யாருக்கும் அது தேவைப்படவில்லை.

நாற்பது வயதைத் தாண்டிய இந்த மனிதருக்கும், வெளிநாட்டு நடன விடுதிகளில் ஒலிக்கிற ஹவுஸ் இசைக்கும் சம்பந்தம் வந்தது ஒரு பென் டிரைவால். எஸ்டேட் பங்களாவில் தங்கிய யாரோ அதை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். விருந்தாளிகள் விட்டுச்சென்ற பொருட்களைப் பதிய ஒரு நோட்டு உண்டு. பொருள், கண்டெடுத்த இடம், உரியவர் என்று மூன்று கட்டங்கள். வேறு எவராக இருந்தாலும் 'பென் டிரைவ் ஒன்று' என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எழுதுவது பொய்க்கணக்கு என்று ரைட்டருக்குப் பட்டது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் சொருகினார்.

டும், டும், டும், டும். மாறாத நான்கு அடி. அதன் மேல் மெல்ல மெல்ல ஏதேதோ மின்னணுச் சத்தங்கள் ஏறுகின்றன, இறங்குகின்றன. பாட்டுக்காரர் வரவே இல்லை.

"எப்பப் பாடுவாங்கன்னு காத்துட்டே இருந்தேனுங்க," என்று பின்னாளில் சொன்னார். "ஒண்ணே கால் மணி நேரம். கடைசி வரைக்கும் ஒருத்தரும் பாடலை. ஆனா அந்தக் காத்திருந்தது நொம்ப நல்லா இருந்துச்சுங்க!"

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். வீட்டில் பிராட்பேண்ட் இணைப்பு வாங்கி, அங்கிருந்தபடி ஒரு கம்பெனிக்கு வேலை செய்கிறேன். ஹவுஸ் இசைக்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் இதுவரை படித்ததில்லை.

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. ஆல்பங்களைப் பரிந்துரைக்கும் ஒரு இணையக் குழுவில் சேர்ந்தார். எஸ்டேட்டில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடம், காப்பிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்ப்பர் கொட்டகையின் தண்ணீர்த் தொட்டி மேல்தான். அவர் ஏணியில் ஏறுவது தெரிந்தால், "ரைட்டரு தொட்டி ஏறிட்டாரு, புது ஆல்பம் வந்திருச்சாட்ட" என்று கீழே பேச்சு எழும்.

அவருடைய சட்டங்கள் கறாரானவை. ஒன்று, தனிப்பாட்டு கிடையாது, ஆல்பம்தான். இரண்டு, நடுவில் தாண்டக் கூடாது. மூன்று, போனில் கேட்டால் கேட்டதாகாது. நான்காவதுதான் முக்கியம்: தன் காது மட்டும் போதாது. அதனால் ஸ்பீக்கரைத் தோட்டத்துக்கு எடுத்துப்போய் ஒரு சில்வர் ஓக் மரத்தில் தொங்கவிடுவார். பழம் பறிக்கும் நாற்பது பெண்களின் கைகளைப் பார்ப்பார். தாளத்தோடு கை ஓடினால் அந்தப் பாட்டுக்கு முழு நாள். கை நின்று வாய் ஓடினால் அரை நாள். "ரைட்டரே, அந்தக் கருமத்த மாத்துங்க!" என்று செல்லக்கா குரல் கொடுத்தால் ஆப்சென்ட். செல்லக்காதான் பறிப்பவர்களுக்குத் தலைவி. மேல்முறையீடு கிடையாது.

விமர்சனத்தைத் தமிழில்தான் எழுதுவார். முடிவில் பழைய பழக்கப்படி, 'கண்டெடுத்த இடம்: பெர்லின். உரியவர்: தெரியவில்லை' என்று போடுவார். இசையமைத்தவர் பெயர் அட்டையிலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். "அது பேருங்க. எனக்கு அவரைத் தெரியுமா? பார்த்தேனா? பேசினேனா?" என்பார்.

குழுவில் உள்ளவர்கள் மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படித்தார்கள். அரை நாள் என்றால் என்ன என்று பெர்லின்காரர் ஒருவர் கேட்டார். "நல்லாத்தான் வேலை செய்வான். மத்தியானத்துக்கு மேல் ஆளைக் காணோம். பாதி ஆல்பங்கள் அப்படித்தான்" என்று ரைட்டர் பதில் எழுதினார். அடுத்த மாதமே முன்பின் தெரியாத நாடுகளில் எல்லாம் ஆல்பங்களுக்கு அரை நாள் விழ ஆரம்பித்துவிட்டது.

உள்ளூரில்தான் அவருக்கு மதிப்புக் குறைவு. பக்கத்து ஊர் கொட்டச்சேட்டில் ஒரு வளைகாப்புக்கு ஸ்பீக்கரை இரவல் கேட்டார்கள். ஸ்பீக்கரோடு அவரும் போனார். பெண்ணின் மாமா பொறுமையாகக் காத்திருந்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க ரைட்டரே, பாட்டு எப்பங்க ஆரம்பிக்கும்?"

"ஆரம்பிச்சு அரை மணி நேரம் ஆச்சுங்க."

ஒருநாள் காட்டெருமை ஒன்று வேலியோரம் நின்று ஒன்பது நிமிடப் பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டுப் போனது. அதைப் 'பார்வையாளர்' என்று குறித்துக்கொண்டார்.

இப்போது என் விஷயத்துக்கு வர வேண்டும். ஒரு வருடமாகக் காலையில் வேலை தொடங்கும் முன், யாருக்கும் சொல்லாமல், நானும் ஒரு ஹவுஸ் ஆல்பம் செய்துகொண்டிருந்தேன். ஏழு பாட்டு. ஸ்பீக்கரை இரையவைக்கும் ஒரு மின்கோளாறின் பெயரை, 'கிரவுண்ட் லூப்' என்று புனைபெயராக வைத்துக் குழுவில் போட்டேன். பெயரை மறைத்ததற்குக் காரணங்களைப் பட்டியலிட்டு வைத்திருந்தேன். கூச்சம், அம்மா, ஊர்ப்பேச்சு. நான்காவதாக, ரைட்டரிடம் முகம் பார்க்காத மார்க் வாங்க வேண்டும் என்ற ஆசை. உண்மையில் அதுதான் முதல் காரணம்.

நான்காம் நாள் ரைட்டர் தொட்டி மேல் ஏறினார். "அடுத்தது, கிரவுண்ட் லூப். நாளைக்குத் தோட்டத்தில்" என்று குழுவில் செய்தி வந்தது. அதே தோட்டத்தில்தான் அம்மா பழம் பறிக்கிறார். மறுநாள் விடுப்புப் போட்டேன். வழக்கமில்லாத வழக்கமாக அம்மாவுக்குச் சாப்பாட்டு கேரியர் எடுத்துக்கொண்டு போனேன்.

பதினோரு மணி. பனி விலகி வெயில் வந்திருந்தது. முதல் பாட்டு ஓடியது. நாற்பது ஜோடிக் கைகளும் ஓடின. மிளகுக்கொடிக்குப் பின்னால் நின்று நான் குதிக்காமல் இருக்கப் பாடுபட்டேன். இரண்டாவது பாட்டில் கொஞ்சம் பேச்சு கிளம்பியது. பரவாயில்லை. மூன்றாவதுதான் என் செல்லப் பாட்டு. அதன் தொடக்கத்தில் ஒரு உலோக ஒலி வரும். எத்தனையோ கருவிகளில் தேடிக் கிடைக்காமல், எங்கள் எஸ்டேட் மணியையே ஒருநாள் போனில் பதிவு செய்து சேர்த்திருந்தேன். தொங்கவிட்ட தண்டவாளத் துண்டில் கம்பியால் அடிக்கும் மணி.

அது வேலை விடுகிற மணி. நான் யோசித்ததெல்லாம் அதன் ஒலியை. அதன் பொருளை யோசிக்கவே இல்லை.

டங், டங், டங் என்றது ஸ்பீக்கர். நாற்பது பேரும் கூடையை இடுப்பிலிருந்து அவிழ்த்தார்கள்.

"அதுக்குள்ள மணியடிச்சுட்டானா?"

"அடிச்சா அடிச்சதுதான், வாங்க புள்ளைங்களா!" என்று செல்லக்கா முன்னால் நடந்தார்.

"ஏனுங்க! அது மணி இல்லீங்க, ஆல்பமுங்க! நில்லுங்க!" என்று ரைட்டர் சரிவில் பின்னால் ஓடினார். "மணியே அடிச்சாச்சு, இனி என்ன ஆல்பம்?" என்றார் செல்லக்கா, திரும்பாமலே. ஐந்து நிமிடத்தில் தோட்டம் காலி. மரத்தில் என் ஆல்பம் மட்டும் தனியாக டும் டும் என்று வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

எல்லாரும் ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். ஆனால் அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். ஸ்பீக்கரைக் கழற்றி பங்களா அலமாரியில் வைத்துப் பூட்டினார். அதை நோட்டில் பதியும்படி ரைட்டரிடமே சொன்னார். 'பொருள்: ஸ்பீக்கர் ஒன்று. உள்ளே: நான்கு பாட்டு பாக்கி' என்று அவர் எழுதினார்.

அன்று மாலை குழுவில் ஒரே வரிதான் வந்தது: "ஆல்பம் முழுதாகக் கேட்கப்படவில்லை. மார்க் இல்லை. இனி எந்த ஆல்பத்துக்கும் இல்லை."

பெர்லினிலிருந்து அழுகை முகங்கள் வந்து விழுந்தன. வழியில் பார்த்தபோது ரைட்டர் தொட்டியை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் நடந்தார். நான் இரண்டு பட்டியல் போட்டேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும், சொல்லாவிட்டால் என்ன ஆகும். முதல் பட்டியல் ஒரு பக்கம் வந்தது. இரண்டாவதில் ஒரே வரி: ரைட்டர் இனி ஏணி ஏற மாட்டார்.

மறுநாள் காலை ஆபீஸுக்குப் போனேன். மேனேஜர் மேஜைக்கு அந்தப் பக்கம், ரைட்டர் செக்ரோலோடு இந்தப் பக்கம்.

"சார், அந்தப் பாட்டு நான் பண்ணுனதுங்க. மணியும் நான்தான் ரெக்கார்டு பண்ணுனேன். ரைட்டர் அண்ணன் மேல தப்பு இல்லீங்க."

மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ பண்ணுனதா? அதுல பாட்டு எங்க இருக்குதும்மா?"

நான் வாயைத் திறக்கும் முன் ரைட்டர் பேசினார். "ஏழும் உன்னோடதா கண்ணு?"

"ஆமாங்கண்ணா."

ரைட்டர் செக்ரோலை மூடினார். பிறகு பேனாவைச் சட்டைப்பையில் சொருகிக்கொண்டார். "இப்பவே சொல்லிப்போடறேன். தெரிஞ்ச புள்ளைன்னு மார்க்கு கூட்டிப் போட மாட்டேன்."

"வேண்டாங்கண்ணா," என்றேன், மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு.

மேனேஜர் சாவியை எடுத்துப் போட்டார். "மணியடிச்சப்புறம் என்னமோ பண்ணிக்குங்க. வேலை நேரத்துல ஒரு டொம்மு கேட்டுதுன்னா, ஸ்பீக்கர் நேரா மலைக்குக் கீழ குப்பனூர் அடிவாரத்துலதான் கிடக்கும்!"

எங்கள் தோட்டத்தில் மணியடித்த பிறகு நிற்கிற ஆளைப் பார்ப்பது அபூர்வம். அடுப்பு, பிள்ளைகள், தண்ணீர், பஸ் என்று எல்லோருக்கும் எல்லாம் காத்திருக்கும். அன்று மாலை நிஜ மணி அடித்தது. ரைட்டர் களத்தோரம் ஒரு மரத்தில் ஸ்பீக்கரை மாட்டினார். நான்காவது பாட்டு தொடங்கியது. பழத்தை எடை போட்டு முடித்தவர்கள் கிளம்புவதற்காக ஒவ்வொருவராகத் துண்டை உதறினார்கள். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை.

"மணியத் திருடுன மகராசி இவதானா?" என்றது ஒரு குரல். அம்மா! அதட்டலாகத்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் செல்லக்காவும் உட்கார்ந்தார். சும்மா இருக்கப் பிடிக்காமல் ஒரு முறம் பழத்தை மடியில் இழுத்துப் பச்சைக்காயைப் பொறுக்க ஆரம்பித்தார். டும்முக்கு ஒரு காய். டும்முக்கு ஒரு காய். இன்னொரு முறம் வந்தது. பிறகு இன்னொன்று. ரைட்டர் முறங்களையே பார்த்தபடி நின்றார். ஏழாவது பாட்டு முடிந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. "அவ்வளவுதானா சாமி?" என்று செல்லக்கா என்னைக் கேட்டார்.

மறுநாள் காலை ரைட்டர் தொட்டி மேல் ஏறினார். ஊரே பார்த்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றேன். வந்தது:

"ஒன்று: முழு நாள். இரண்டு: அரை நாள். மூன்று: ஆப்சென்ட். ஆட்களை வீட்டுக்கு அனுப்பும் பாட்டுக்கு ஆஜர் போட முடியாது. நான்கு, ஐந்து, ஆறு, ஏழு: முழு நாள். மணி அடித்த பிறகும் ஒருவரும் கிளம்பவில்லை. கண்டெடுத்த இடம்: நாகலூர். உரியவர்: தெரிந்த பிள்ளை."

என் ஆல்பத்துக்கு வந்த விமர்சனங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறேன். பிற்பாடு பெர்லினிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் நிறைய வந்தன, எல்லாமே இதைவிடத் தாராளமானவை. மார்க் வரிசைப்படி அடுக்கினால் ரைட்டருடையது கடைசியில் போய்விடும். அந்தப் பட்டியலை மட்டும் நான் இன்னும் வரிசைப்படுத்தவில்லை.