மூன்றாம் வகுப்பில் படிக்கும் அப்பாக்கள்

பிள்ளையின் வீட்டுவேலையைப் பிள்ளையிடமிருந்து காப்பாற்றும் அப்பாக்கள் என்றொரு இனம் உண்டு. மன்னாரில் மீனை விட அது கொஞ்சம்தான் குறைவு. ஓலைத்தொடுவாய்க் கிராமத்துப் பத்திநாதனையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடற்கரையில் நண்டு நிறுத்து வாங்கும் வாடிக் கொட்டில் வைத்திருக்கிறார். பின்னேரம் வீட்டுக்கு வந்து, கை கழுவி, கதிரையை இழுத்துப் போட்டு, மூன்றாம் வகுப்பு மகள் ஜெனுஷா கொப்பியை விரித்து ஒரு கணக்கு முடிப்பதற்குள் கழுத்தை நீட்டிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, "இஞ்சை தா" என்று பென்சிலைப் பறித்தால் பறித்ததுதான். பிள்ளை பக்கத்தில் அழிறப்பரோடு இருக்கும். மனைவி கத்தரின் தேத்தண்ணியை வைத்துவிட்டு உள்ளே போவார்.

அன்றைக்கு இடப்பெறுமானம். 347 ஐ விரித்து எழுதவேண்டும். பத்திநாதன் 200 + 147 என்று எழுதினார்.

"அப்பா, ரீச்சர் அப்பிடிச் சொல்லித்தரேல்லை. நூறு வேற, பத்து வேற, ஒண்டு வேற."

"ரெண்டு கூடையாப் போட்டு நிறுத்தாலும் நண்டு நண்டுதானே? கூட்டிப் பார். 347 வருதோ இல்லையோ?"

"வருது."

"பிறகென்ன?"

பிறகென்ன! பத்துக் கணக்கும் இரண்டிரண்டு கூடையாக நிறுக்கப்பட்டன.

சிரிக்காதீர்கள். அவர் மூன்றாம் வகுப்பில் இருந்தபோதுதான் குடும்பம் வள்ளம் ஏறித் தமிழ்நாட்டு முகாமுக்குப் போனது. பாதியில் விட்ட வகுப்பை எப்படியாவது முடித்துவிட அவருக்கு ஆசை. மகளுக்கு விழும் ஒவ்வொரு சரியும் தனக்கென்றே நினைத்தார். பாவம்தான். ஆனால் வகுப்பு ஜெனுஷாவுடையது.

வெள்ளிக்கிழமை புள்ளி பார்க்கும் அவசரத்தில் மகளின் பையை அவரே திறந்தார். உள்ளே இரண்டு கணக்குக் கொப்பிகள். ஒன்றில் ஜெனுஷாவின் கோணல் எழுத்து: 300 + 40 + 7. ரீச்சரின் சிவப்பு மையில் பத்துக்குப் பத்து. மற்றதில் அவருடைய அழகான எழுத்து. அதை ரீச்சர் கண்டதேயில்லை. ஆனாலும் யாரோ சிவப்புப் பென்சிலால் திருத்தி, பத்துக்கு மூன்று போட்டு, கோணல் எழுத்தில் குறிப்பும் எழுதியிருந்தார்கள்: "கூட்டினால் சரி. ஆனால் ஒவ்வொரு இலக்கமும் தன் இடத்தில் இருக்க வேண்டும். முயற்சி செய்க." பெற்றோர் கையொப்பம் என்ற இடத்தில் கத்தரின் ஒப்பமிட்டிருந்தார். முன் பக்கங்களைப் புரட்டினார். தவணை தொடங்கிய நாள் முதல் இதே கதை.

"என்ன பிள்ளை இது?"

"நீங்கள் கவலைப்படுவீங்கள் எண்டுதான் காட்டேல்லை அப்பா. அந்த மூண்டும் பாவம் பாத்துப் போட்டனான்."

பத்திநாதன் இரண்டு கொப்பியையும் திரும்பப் பைக்குள் வைத்தார். அன்று பின்னேரம் கதிரையைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டு, கையில் அழிறப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

நீங்கள் அந்த இனமில்லை, தெரியும். பென்சிலைத் தொட்டதே இல்லை. இருந்தாலும் உங்கள் பிள்ளையின் பையில் எத்தனை கணக்குக் கொப்பி இருக்கிறது என்று ஒருக்கால் எண்ணிப் பாருங்கள்.