தெப்ராவில் நான் கை நனைக்காத காரணம்

சிவமயம்

யோங் பெங், ஜொகூர்.
1933 ஆவணி மாதம்

சிங்கப்பூரில் வாசம் செய்யும் மகாராஜராஜஸ்ரீ மைத்துனர் அர்ச்சுனன் அவர்கள் சமூகத்துக்கு, யோங் பெங் ரப்பர்த் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணி சதாசிவம் அநேக வந்தனத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் தங்கள் தங்கை ராசம்மாளும், மகள் சந்திரமதியும், பசுவும் கன்றும் சேமம். என் வயிறு ஒன்றுதான் இந்த வரிசையில் சேராமல் அடம்பிடித்தது. அதுவும் இப்போது சேர்ந்துவிட்டது. தங்கள் வீட்டிலும் எல்லோருடைய வயிறும் நல்லபடி இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

நிற்க. தாங்கள் எழுதிய கடிதம், இல்லை, கடிதம் என்ற பெயரில் எறிந்த செருப்பு, வந்து சேர்ந்தது. "நான் பேசி முடித்த சம்பந்தம், தெப்ராவில் மாப்பிள்ளை வீட்டில் இலை போட்டுப் பரிமாறிய பிறகு கை நனைக்காமல் எழுந்து வந்தீராமே, பெண்ணைப் பெற்றவனுக்கு இத்தனை திமிரா" என்று கேட்டிருக்கிறீர்கள். சம்மதம் என்றால் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க வேண்டும், நனைக்காமல் எழுந்தால் பெண் தரமாட்டோம் என்று அர்த்தம், இது எனக்குத் தெரியாதா? நான் என்ன மரத்திலிருந்து விழுந்தவனா? மச்சான், அந்தச் சம்பந்தத்தை உதைத்தது என் கால் அல்ல, என் குடல். அதை யாரிடமும் சொல்ல முடியாமல்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இப்போது தங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

தாங்கள் பார்த்துக் கொடுத்த நாளுக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு எனக்குச் சீதபேதி கண்டது. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடித்ததால் வந்தது என்கிறார் தோட்டத்து ஆஸ்பத்திரியைக் கட்டி மேய்க்கிற டிரஸ்ஸர் சின்னத்தம்பி. காய்ச்சின தண்ணீர் செத்த தண்ணீர், அதை மனுஷன் குடிப்பானா? வயிறு கடுத்துக் கடுத்துப் போகிறது, நிமிஷத்துக்கு நிமிஷம் கொல்லைக்கு ஓடுகிறேன், இந்த நிலையில் போய் நின்றவனுக்கு அந்தப் புண்ணியவான் என்ன கொடுத்தார் தெரியுமா? விளக்கெண்ணெய்! ஓடுகிறவனைத் துரத்துகிற வைத்தியம்! "உள்ள இருக்கிற விஷம் பூரா வெளிய வரணும் கிராணியாரே" என்றார். "உள்ள இனிமே நான் ஒருத்தன்தான்யா பாக்கி, நானும் வெளிய வந்துட்டா யாருக்கு வைத்தியம் பாப்பீங்க?" என்றேன். அதற்குப் பதிலாகப் பேதி உப்பைக் கரைத்து நீட்டினார். அதுவும் ஆன பிறகு, "இனி பார்லித் தண்ணிதான், ஒரு சோத்துப் பருக்கை உள்ள போனாலும் குடல் ஓட்டையாயிடும், அப்புறம் நான் பொறுப்பில்ல" என்று பயமுறுத்தி அனுப்பினார். இந்த மனுஷருக்குக் காய்ச்சல் என்றால் கொயினா, காயம் என்றால் அயோடின், மற்ற எல்லாவற்றுக்கும் விளக்கெண்ணெய். நாளைக்கு எனக்குப் பல்வலி வந்தாலும் கொல்லைக்குத்தான் அனுப்புவார்.

வீட்டுக்கு வந்தால் தங்கள் தங்கை மாதுளம்பழத் தோலை இடித்துக் கஷாயம் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவர் திறந்துவிடுகிறார், இவள் அடைக்கிறாள், நடுவில் நான் வீட்டுக் கதவு மாதிரி அடிபடுகிறேன். முதல் வாயிலேயே நாக்கு மரக்கட்டையாகிவிட்டது, துப்பிவிட்டேன். "எங்கண்ணன் வீட்டுல இதக் குடுத்தா மறுபேச்சு இல்லாமக் குடிப்பாங்க" என்று உங்களை வேறு சாட்சிக்கு இழுத்தாள். மச்சான், நீங்கள் குடிப்பீர்களோ மாட்டீர்களோ, எனக்குத் தெரியாது. அதற்குள் கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து கருப்பாயி வந்துவிட்டாள். அவள் தொக்கம் எடுக்கிறவள், அதாவது நம் வயிற்றில் சிக்கியதை வாயால் ஊதி ஊதியே வெளியே எடுத்துவிடுவாளாம். என் வயிற்றை மாவு பிசைகிறமாதிரி பிசைந்து, ஊதி, கடைசியில் உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டைத் தோலைக் காட்டினாள். "இதாங்க சாமி உள்ள கெடந்து படுத்தினது" என்கிறாள். அந்தப் புளியங்கொட்டை என் வயிற்றுக்குள் போன பாதையும் எனக்குத் தெரியவில்லை, வந்த பாதையும் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ராசம்மாளோ கன்னத்தில் போட்டுக்கொள்கிறாள்!

இதெல்லாம் போதாதென்று யோங் பெங் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் நம் ருக்னுதீன் பாய் வந்தார். "அலமாக், என்னா கிராணியாரே, சட்டை மட்டும் நடந்து வருது?" என்று கேட்டுவிட்டு, மலாய்க்காரர்கள் செய்கிறபடி மங்குஸ்தான் தோலைச் சுண்டக் காய்ச்சி ஒரு போத்தலில் கொண்டுவந்தார். அது சாயப்பட்டறைத் தண்ணீர் நிறத்தில் இருந்தது. வேட்டியில் ஒரு சொட்டு விழுந்தது, இன்றுவரை போகவில்லை. வேட்டியையே விடாத மருந்து நோயை எப்படி விடும்? ஆனாலும் நல்ல மனுஷர். தெப்ராவுக்குத் துணைக்கு வருகிறேன் என்று சொன்னவர் அவர் ஒருவர்தான். நல்ல காரியத்தைத் தள்ளிப் போடக்கூடாது என்று தாங்கள்தானே கண்டிப்பாக எழுதியிருந்தீர்கள்! அதனால் பார்லித் தண்ணீரைக் குடித்துவிட்டு மோட்டார் பஸ்ஸில் ஏறினோம்.

அந்தப் பயணத்தை எழுதினால் காகிதமே முகத்தைச் சுளிக்கும். பஸ்ஸை நிறுத்தச் சொல்லி நிறுத்தச் சொல்லி, ஆயர் ஈத்தாம் தாண்டினதும் அந்த மலாய் டிரைவர் என் முகத்தைப் பார்த்தாலே "அப்பா லாகி, கிராணி?" என்று, இன்னும் என்ன வேண்டும் என்கிற தோரணையில், தானே பிரேக்கை மிதிக்க ஆரம்பித்துவிட்டார். வழியில் இருக்கிற ரப்பர் மரங்களில் எனக்குப் பழக்கமாகாத மரம் கொஞ்சம்தான்.

தெப்ராவில் மாப்பிள்ளையின் அப்பா வீரமுத்துக் கங்காணி வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போனார். குறை சொல்லக்கூடாது, தங்கமான வீடு. பையன் லெட்சுமணன் ரயில்வே உத்தியோகம் பார்க்கிற கர்வம் கொஞ்சமும் இல்லாமல் தானே தண்ணீர் சொம்பு கொண்டுவந்து கொடுத்தான். அவன் அம்மா பேச்சியம்மாள் சாம்பார், வாழைக்காய் வறுவல், உளுந்துவடை, பாயசம் என்று இலை நிறையப் பரிமாறினாள். நெய் வாசனை மூக்கில் ஏறியதும் வயிற்றுக்குள் ஒரு உறுமல். டிரஸ்ஸர் சொன்ன ஓட்டை என் கண் முன்னால் தெரிகிறது. சொல்லிவிடலாம் என்றால், பேதி என்ற சொல்லை இந்த ஊரில் வாயைத் திறந்து சொல்ல முடியுமா? போன மழைக்காலத்தில் வாந்திபேதி கண்ட லயத்துப் பெண்களை இன்றைக்கும் ஒருத்தனும் கட்ட வரவில்லையே! அதனால்தான் பாயிடமும் வழியெல்லாம் சத்தியம் வாங்கியிருந்தேன். கங்காணி, "என்னங்க கிராணியாரே, எங்க வீட்டுச் சோறு எறங்காதா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். "எனக்குப் பசியில்லை" என்று சொல்லி எழுந்தேன். அவ்வளவுதான், சிரிப்பு நின்றுபோனது. அதற்கு மேல் அங்கே நிற்க என் வயிறு சம்மதிக்கவில்லை. செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு ஓடினேன். அவர்கள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். பாய் மட்டும் பாயசம்வரை சாப்பிட்டுவிட்டு நிதானமாக வந்து சேர்ந்தார்.

மச்சான், சந்திரமதி அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அந்தப் பையனை அவள் கோயில் திருவிழாவில் பார்த்திருக்கிறாள், பிடித்திருக்கிறது, அது எனக்கும் தெரியும். "பசியில்லன்னு சொன்னீங்களாப்பா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள், உள்ளே போய்விட்டாள். சோற்றால் இலையில் கோலம் போட்டுவிட்டு எழுந்துவிடுகிறாள். பெற்றவனுக்கு நெஞ்சு வெடிக்கிறது. ஆகையால் தாங்கள் உடனே தெப்ராவுக்குப் போய், கிராணிக்கு அன்று சாதாரண அஜீரணம், வேறொன்றுமில்லை என்று நயமாகச் சொல்ல வேண்டும். பேதி என்ற பேச்சே எழக்கூடாது. இப்போது பரிபூரண குணம் என்றும் சொல்லுங்கள். யார் குணப்படுத்தியது என்று கேட்டால், ஒருவருமில்லை. இந்த வைத்தியர்களைக் கண்டு பயந்து நோய் தானாகவே ஓடிப்போனது. நேற்று மோர்ச்சோறு சாப்பிட்டேன், கல்லாக இருக்கிறேன். இனி எவனாவது கஷாயம், சூரணம் என்று என் வாசற்படி மிதித்தால் அதை அவன் தலையிலேயே ஊற்றுவேன், இது சத்தியம்.

தங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பும் ஆசியும். பிள்ளைகள் நன்றாகப் படித்து, காய்ச்சாத தண்ணீரிலும் கெடாத வயிற்றோடு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
சதாசிவம்

பின்குறிப்பு: மூன்று நாள் முன்பு இந்த உறையை ஒட்டுகிற நேரத்தில் வாசலில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. தாங்கள் தெப்ராவுக்குப் போக வேண்டாம். அவர்களே வந்துவிட்டார்கள். எல்லாம் சந்திரமதி வேலை. சாமான் வாங்கத் தெப்ரா வழியாக ஜொகூர் பாருவுக்குப் போன பாயிடம், "எங்கப்பாவுக்கு அன்னிக்கு வயித்துக் கடுப்பு, வெக்கத்துல சொல்லல, நீங்க போய்ச் சொல்லிருங்க மாமா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். நான் இத்தனை பக்கம் எழுதி மறைத்ததை அவள் ஒரே மூச்சில் ஊருக்குச் சொல்லிவிட்டாள். கேட்டவுடனே பேச்சியம்மாள், "அட பாவமே, இதுக்கா மனுஷன் ஓடுனாரு" என்று சிரித்து, வசம்பு, ஓமம், சுக்கு, கொய்யாக் கொழுந்து எல்லாம் போட்டு ஒரு தூக்குப்பாத்திரம் நிறையக் கஷாயம் வைத்து எடுத்துக்கொண்டு புருஷனையும் பையனையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாளாம். வந்ததும் உட்காரக்கூட இல்லை, டம்ளரில் ஊற்றி, "குடிங்க சம்பந்தி" என்று நீட்டினாள். சம்பந்தி என்றாள், மச்சான்! கங்காணி என் கையையே பார்க்கிறார். இதை வேண்டாமென்றால் இன்னொரு முறை இலையிலிருந்து எழுந்ததாகிவிடாதா? குடித்தேன். வேப்பெண்ணெய் இதற்குத் தேன். "இன்னொரு டம்ளர் குடுங்கம்மா" என்றும் கேட்டுவிட்டேன். பிறகு அவர்கள் மூவரும் நம் வீட்டில் இலை போட்டு உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டார்கள். தை மாதம் கல்யாணம் என்று முடிவாயிற்று. ராசம்மாள் மட்டும் அடுப்படியில், "நான் வச்சத மட்டும் துப்புனீங்கல்ல" என்று பாத்திரத்தை உருட்டுகிறாள்.

ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடுப்பில் போட்டுவிடுங்கள். எனக்கு முன்பே குணமாகிவிட்டது என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். சம்பந்தியம்மாள் கைம்மருந்தில்தான் நான் பிழைத்தேன், டிரஸ்ஸரிடமும் அப்படித்தான் சொல்லிவிட்டேன், அவர் முகத்தில் ஈயாடவில்லை. நோய் திரும்பாமலிருக்க முகூர்த்தம் வரைக்கும் தினமும் குடிக்க வேண்டுமாம், சரக்குகளையெல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். சந்திரமதிதான் காய்ச்சுகிறாள். டம்ளரை நீட்டும்போது என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள், மச்சான். குடித்துத் தொலைக்கிறேன்.